பூட்டிய மேக்கப் பெட்டி

சிட்னியில் ஒரு பெரிய தியேட்டரில் பாடகர்களுக்கு மேக்கப் போடுவது என் வேலை. இந்த முறை ஓப்பரா பாட வந்தவர், தன் நாட்டு மேடையில் கதாநாயகியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். பெயரெடுத்தவர்தான். ஆனால் தன் மேக்கப் பெட்டியைப் பூட்டியே வைத்திருப்பார். நான் அறைக்குள் போனால் சாவியைக் கைக்குள் பொத்திக்கொள்வார். தலைமுடியை மட்டும் என்னிடம் விடுவார், முகத்தைத் தொட விடமாட்டார்.

"என்னைக் கள்ளியெண்டு நினைக்கிறா போல," என்று பென்டில் ஹில் வீட்டில் கணவரிடம் பொருமினேன்.

"நேர கேளுமன்," என்றார்.

மறுநாள் பாடகியிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"என் நிறத்துக்கு எந்தத் தியேட்டரிலும் பவுடர் இருந்ததில்லை. இருக்கிற வெளிறியதைப் பூசி, சாம்பல் அப்பிய முகத்தோடு மேடையேற்றினார்கள். கேட்டால் திமிர் என்றார்கள். அதிலிருந்து என் முகத்தை யாரிடமும் கொடுப்பதில்லை."

எனக்கு ரோசம் வந்தது. "நானும் கறுப்புத்தான். என்னை நம்பலாம்."

அவர் என்னைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். என் தாடையில் ஒரு விரலையும் கழுத்தில் ஒரு விரலையும் வைத்தார். முகம் வெளுப்பு, கழுத்து கறுப்பு.

"இதை உனக்கு யார் பூசிவிட்டது?" என்று மெல்லக் கேட்டார்.

யாரும் பூசவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து வெளிறிய பவுடரை நானே தேடி வாங்கி, நானே பூசுவது. சால்வையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன்.

அவர் பெட்டியைப் பூட்டியது சரிதான். என் முகத்துக்கே அதன் நிறத்தைக் கொடுக்காதவள் நான்.