முந்தாநாள் தைத்த காலர்

தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பேசுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலையில் ஒரு "வரேன்", சாயங்காலம் ஒரு "வந்துட்டேன்", சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு "ம்". முப்பத்தொரு வருஷமாக இதே கதைதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல நடமாடிக்கொண்டிருந்தார் மனிதர். கூடப்பிறந்த தங்கையே அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்த ஊமைக்கோட்டானுக்கு என்ன வேலை தெரியுமா? மலைமேல் இருக்கும் பழைய கிராமத்தில் வழிகாட்டி! அங்கே ஒரு துரை கட்டிய பங்களா, அதை ஒட்டித் துரை குடும்பத்தின் கல்லறைகள், அதற்கும் மேலே ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் செத்தவர்களைப் புதைத்து நட்டுவைத்த கல்வட்டம். தினமும் பஸ் ஏறிப்போய், அங்கே வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சுற்றிக்காட்டுவார். "அங்க போய் என்னதான் பண்ணுவாரு, கையக் கையக் காட்டுவாரா?" என்று தையல்காரம்மா சிரிப்பாள். அவள் ஒருநாளும் மேலே போனதில்லை. சீருடை, ரவிக்கை, ஜன்னல் திரை என்று தையல் மெஷினை விட்டு எழுந்தால்தானே போக?

விருந்தாளியாக வந்திருந்த நாத்தனார் விடவில்லை.

"இவ்ளோ பக்கத்துல இருந்துக்கிட்டு ஒருநாள்கூடப் பாக்கலையா? கெளம்புங்க அண்ணி. அண்ணன்கிட்ட மூச்சு விட வேணாம். திடீர்னு போய் முன்னாடி நிப்போம்."

போனார்கள். வாசலில் சீட்டு கொடுக்கும் அறையில் பெரிய பலகை: வழிகாட்டிகள் பொய்யான தகவல் சொன்னால் இங்கே எழுதிக் கொடுக்கவும். சீட்டுக்காரர் நாத்தனாரிடம் பெருமையாகச் சொன்னார்: "சும்மா இல்லம்மா, போன மாசம் ஒருத்தர் பேட்ஜையே புடுங்கிட்டோம்."

பங்களாவைச் சுற்றிக்கொண்டு கல்லறைப் பக்கம் திரும்பியபோது ஒரு குரல் கேட்டது. ஏறி, இறங்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேட்கிறவர்களைக் கட்டிப்போடுகிற குரல். "யாரோ பிரமாதமாப் பேசுறாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். பாசி படிந்த மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

ஊமைக்கோட்டான்தான்! ஒரு கல்லறைமேல் கையை வைத்துக்கொண்டு, பதினைந்து இருபது பேருக்கு நடுவில் நின்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"துரைசாணி போனதும் துரை ஒரு வருஷம் இந்தக் கல்லுப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாராம். பைத்தியம்னு சொன்னாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த வலி தெரியும். என் வீட்டுக்காரியும் போய்ச் சேந்து ஏழு வருஷமாச்சு."

தையல்காரம்மாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அண்ணி… நீங்க எப்ப செத்தீங்க?"

"அடப்பாவி மனுஷா! இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், என்னைச் சாகடிச்சிட்டாரே!"

மதிலைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, எழுதிக் கொடுப்போம். அண்ணனாவது ஒண்ணாவது. பேட்ஜைப் புடுங்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்."

தையல்காரம்மா ஆத்திரத்தில் நாலடி வைத்தும் விட்டாள். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது காதில் விழுந்தது.

"வாய் நெறைய குண்டூசிய வச்சுக்கிட்டே என்னைத் திட்டுவா. ஒரு ஊசிகூடக் கீழ விழாது. எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்குவேன். மழை நாள்ல கண்ணாடி நனையுதுன்னு ஒருநாள் சொன்னேன். மறுநாள் சட்டைக்கு உள்ள ஒரு பை இருந்துச்சு. சொல்லவே இல்ல, தச்சு வச்சிருந்தா. இதோ பாருங்க இந்தக் காலர். நைஞ்சு போனதப் பிரிச்சு, திருப்பிப் போட்டுத் தச்சிருக்கா. பழசு எந்தப் பக்கம்னு உங்களால சொல்ல முடியுமா? அவ கடைசியாத் தச்சது."

அது அவள் முந்தாநாள் தைத்தது.

ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். தையல்காரம்மா அசையாமல் நின்றாள். திருப்பிப் போட்ட காலரை அவர் பார்த்தாரா? முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை காலர்! கழற்றிப் போட்ட சட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றல்லவா நினைத்திருந்தாள். செத்த பிறகு கிடைத்த இந்தப் பேச்சில் பத்தில் ஒரு பங்கு உயிரோடு இருக்கும்போது கிடைத்திருந்தால்! ஆத்திரம் போகவில்லை. ஆனால் கூடவே அழுகையும் வந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாத்தனாரின் கையை உதறிவிட்டு நேராகக் கூட்டத்துக்குள் போனாள்.

அவளைக் கண்டதும் அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கல்லறையை இறுகப் பிடித்துக்கொண்டார். சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தது. இவள் ஒரு வார்த்தை சொன்னால் அது போய்விடும். அது இருவருக்கும் தெரியும்.

மூக்கை உறிஞ்சிய பெண்மணி கேட்டாள்: "நீங்க யாரும்மா?"

"செத்துப்போனவளுக்குத் தங்கச்சி."

கூட்டம் உச்சுக்கொட்டியது. தையல்காரம்மா அவர் கண்ணையே பார்த்தாள்.

"எங்கக்காகிட்ட இதையெல்லாம் ஒருநாளாவது சொன்னீங்களா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"இல்ல" என்றார். "சொல்லல."

அந்தப் பெண்மணி அவர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "இப்படி ஒரு தங்கச்சி இருக்கும்போது ஏன்யா தனியாக் கஷ்டப்படுறீங்க? இவங்களையே கட்டிக்கலாமே." மதிலோரம் நின்ற நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். நாத்தனார் முன் சீட்டில், இவர்கள் இருவரும் பின்னால். நாலாவது வளைவில் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சாகடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொதல்ல உயிரோடதான் சொன்னேன். சிரிச்சாங்க. பொண்டாட்டிதாசன்னு கேலி பண்ணாங்க. ஒருநாள் செத்துட்டான்னு வாய்ல வந்துருச்சு. எல்லாரும் கம்முனு கேட்டாங்க. அதுக்கப்புறம் உன்னப் பத்திப் பேசணும்னா அப்படித்தான் பேச வேண்டியதாப் போச்சு."

"வீட்ல நான்தானே இருந்தேன்? நான் சிரிச்சிருப்பேனா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி அவர் என்ன சொன்னாலும் கேட்பதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

கண்டக்டர் வந்தார். தினமும் பார்க்கிற முகம். "என்னண்ணே, இன்னைக்குத் துணைக்கு ஆளா?"

"மூணு டிக்கெட்டு" என்றார் அவர். "எனக்கு, அதோ என் தங்கச்சிக்கு." பக்கத்தில் இருந்தவளைக் கைகாட்டினார். "அப்புறம் இவ, என் சம்சாரம்."

கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் கட்டு நழுவிவிட்டது. "அண்ணே! அவங்கதான் செத்துட்டாங்களே! என் தோள்ல சாஞ்சு அழுதீங்களே அண்ணே!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பின்சீட்டில் தொடங்கிய சிரிப்பு டிரைவர் வரைக்கும் போயிற்று. இதோ ஊமைக்கோட்டான் மறுபடி வாயை மூடிக்கொள்ளப் போகிறார் என்று தையல்காரம்மா நினைத்தாள்.

அவர் எழுந்து நின்றார். ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுத்துக் காலரைத் தூக்கிக் காட்டினார்.

"சாகலப்பா. பொய் சொன்னேன். இந்தக் காலரப் பாரு, பழசு எந்தப் பக்கம்னு சொல்லு பாப்போம். இவதான் தச்சா. முந்தாநாள்."