கம்ப்யூட்டர் சொன்ன நோய்

நோயைத் தடுக்கப் போகிறவனைத்தான் ஊர் முதலில் நோயாளி என்று சந்தேகப்படும். தெருத்தெருவாக நல்லது சொல்லப் போய் வசவு வாங்கித் திரும்பியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பம்பாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிய எனக்கு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு வேலை கிடைத்தது. பேச ஆரம்பித்தால் பையன்கள் எழுந்து போனார்கள். அதனால் நிறுவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தார்கள். அதிலிருந்த இங்கிலீஷைத் தமிழாக்கியவன் நான்.

தோற்க வந்த கூட்டம்

புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கிற தெருவில் அறை பிடித்தோம். பெயரைத் தட்டினால் அந்தப் பெயரில் திரையில் ஒரு பொம்மை நடக்கும். லாட்ஜ் வரும், ஊசி வரும், கூட்டாளிகள் வருவார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். தப்பாக எடுத்தால் கடைசியில் சிவப்பெழுத்து: 'உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்றிவிட்டது.'

தையல்காரப் பையன்கள் ஜெயிக்க வருவார்கள் என்று நினைத்தோம். அவர்களோ அடுத்தவன் பெயரைத் தட்டி, வேண்டுமென்றே தோற்று, கைதட்டிச் சிரித்தார்கள். ஒருநாள் அகப்பட்டவன் செல்வம். காலர் தைப்பவன், அடுத்த மாதம் கல்யாணம். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏலே செல்வம், தாலி கட்டுததுக்கு முந்தியே ஒனக்குச் சங்கு ஊதிட்டாவலே!"

தனி டம்ளர்

அந்த வாரத்திலேயே சிரிப்பு செய்தியாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் கம்ப்யூட்டர் ஜாதகக்காரர் மிஷினோடு வந்து உட்காருவார். பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் தாள் வரும். அதை நம்பிக் கல்யாணமே முடித்திருக்கிறார்கள். நாங்களும் பெயரைத்தானே கேட்டோம்!

செல்வத்தின் தையல் மிஷினை ஓரத்துக்குத் தள்ளினார்கள். டீக்கு அவனுக்குத் தனி டம்ளர். முதலாளியிடம் ஓடினேன். அது வெறும் விளையாட்டு, ரத்தம் பார்க்காமல் யாருக்கும் தெரியாது, நிஜமாகவே இருந்தாலும் டம்ளரால் ஒட்டாது என்று சொல்லி, செல்வத்தின் டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தும் காட்டினேன். முதலாளி தலையாட்டினார்: "சரி அண்ணாச்சி. இனி ஒங்களுக்கும் ஒரு டம்ளர் தனியா வைக்கச் சொல்லுதேன்."

இடைசெவலிலிருந்து

பெண்ணுக்கு ஊர் இடைசெவல். அங்கே சேதி கொண்டுபோனவர் அவளுடைய தாய்மாமன். தன் மகனுக்கு அவளைக் கேட்டு, கிடையாது என்று சொல்லப்பட்டவர். பெண்ணின் அப்பா பருத்தி விவசாயம் பார்க்கிற சம்சாரி, பேச்சு குறைவு. மகளையும் மச்சினரையும் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

செல்வத்தை வரவழைத்தோம். நிலைப்படியைத் தாண்டவில்லை அவன். அங்கிருந்தே, ரத்தம் கொடுக்கத் தயார் என்றான். மாமன் விடவில்லை: "ஆள் பொய் சொல்லுவான். மிஷினு பொய் சொல்லுமா மச்சான்?" அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்: "அந்த எழுத்து நீங்க எழுதினதுன்னு சொல்லுதாவ. பொய்யின்னா எதுக்கு எழுதினிய?"

இன்னொரு பெயர்

இந்தக் கல்யாணம் நின்றால் அது என் தமிழால் நின்றது. அதுவரை சுவரோரம் நின்ற பெண், மாரியம்மாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத்தெழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினாள். ஒவ்வொரு கேள்வியையும் படித்துத் தப்பான பதிலாகப் பார்த்து அமுக்கினாள். சிவப்பெழுத்து வந்தது.

"எனக்கும் வந்துட்டுப்பா. வீட்டுக்கும் காட்டுக்கும் அலையுத எனக்கு எங்கன இருந்து வந்துச்சு? மெய்யாத் தெரியணும்னா நானும் அவியளும் சேந்து போயி ரத்தம் குடுக்கோம்."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஓங்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓரடி முன்னே வந்துவிட்டேன். அவர் மெல்லத் திரும்பி மச்சினரைப் பார்த்தபடியே மகளிடம் சொன்னார்: "ஏட்டி, எந்திரிக்காத. ஒன் மாமன் பேரையும் ஒருக்க தட்டு."

இருவரும் ஆஸ்பத்திரி போய்வந்த பின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது, நானும் சிவப்பு வரியை 'ஆட்டத்தில் தோற்றீர்கள், நிஜத்தை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்' என்று திருத்தி எழுதினேன், அதோடு எங்கள் அறைக்கு வந்துகொண்டிருந்த கூட்டமும் நின்றுபோனது.