கரவனுக்குக் காட்டிய கற்பூரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிளாஸ்டிக்கின் மேல் கற்பூரம் கொளுத்தினால் பிளாஸ்டிக் உருகும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் வகுப்பில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளை நான். அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவின் கல்வித்தரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சந்தேகம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் சித்தப்பா இருந்தார். வீட்டுக்கு முன்னால் சித்தப்பாவின் கரவன் நின்றது. கனடாக்காரர் அதை ட்ரெயிலர் என்பார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மஞ்சள் திரைச்சீலைகள். சித்தப்பா வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் போமன், அதாவது மேற்பார்வையாளர், பென்சன் எடுத்து அப்பார்ட்மென்டுக்குப் போனபோது, நிறுத்த இடமில்லையென்று அதைச் சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே சிரிப்பு. "ஊரிலை ஷெல்லுக்குப் பயந்து காட்டுக்கை படுத்தனாங்கள். இவன் இஞ்சை வந்து ஆசைப்பட்டுக் காட்டுக்கை படுக்கப் போறான்" என்பார். சித்தப்பா ஒரு பழந்துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த கண்ணாடியை இன்னொருமுறை துடைப்பார்.

ஆறு வருடமாகக் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த சித்தி வரப்போகிறார் என்பதுதான் அந்தத் துடைப்புக்குக் காரணம். வெள்ளிக்கிழமை விமானம். சனிக்கிழமை காலை கரவனைக் கொழுவிக்கொண்டு இருவரும் வடக்கே ஒரு ஏரிக்கரைக்குப் போவது என்று திட்டம். பேஸ்மென்ட் அப்பாவுடையது. காரும் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. இந்த நாட்டில் சித்தப்பா 'என்னுடையது' என்று சொல்லக்கூடியது கரவன் ஒன்றுதான். அதை நாலு பக்கமும் சுற்றிச்சுற்றிப் படம் பிடித்துச் சித்திக்கு அனுப்பியிருந்தார். "ஒரு கீறல் இல்லை" என்று எழுதியுமிருந்தார். கடிதத்தைத் தபாலில் போட்டவன் நான். ஒட்டுவதற்கு முன் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

எனக்கு அந்தக் கரவன் வேறு விதம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே போய் மேல் படுக்கையில் ஏறி மல்லாந்து கிடப்பேன். திரைச்சீலைக்குள்ளால் வரும் வெயில் உள்ளே எல்லாவற்றையும் தேன் நிறமாக்கிவிடும். சக்கரம் ஒரு அங்குலமும் அசையாது. ஆனால் கண்ணை மூடினால் வீதியில் போகும் பஸ்ஸின் இரைச்சல் என் கரவனின் இரைச்சலாகும். இப்படி நான் பலமுறை வட துருவம் போய், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன்.

அப்படியொரு சனிக்கிழமைப் பயணத்தின் நடுவில்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஆட்களில் யார் கார் வாங்கினாலும் நேரே கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஐயர் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் அந்தக் கார் கார். கரவனுக்கு அது நடக்கவில்லை. சித்தி வந்த பிறகு செய்யலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். பூசை இல்லாத வாகனத்திலா நான் துருவம் வரை போய் வந்திருக்கிறேன் என்று எனக்கு உடம்பு கூசியது.

குளிர்பெட்டியில் தேசிக்காய் இருந்தது. சாமித்தட்டில் கற்பூரப் பெட்டி இருந்தது. கரவனின் பின்மூலையில், தகடுகள் சேரும் விளிம்பை மூடி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வார்ப்பு உண்டு. சித்தப்பா அதை ட்ரிம் என்பார். பின்விளக்குக்கு மேலே அது ஒரு குட்டித் தட்டுப்போல வெளியே நீண்டிருக்கும். கற்பூரம் வைப்பதற்கென்றே யாரோ பக்திமான் வடிவமைத்தது மாதிரி. ஐயர் ஒரு கட்டிதான் வைப்பார். நான் எட்டு வைத்தேன். துருவம் தூரமல்லவா.

சுவாலை அழகாகத்தான் எழும்பியது. நான் கண்ணை மூடித் தேவாரம் பாடினேன். இரண்டாம் வரியில் மணம் மாறியது. கண்ணைத் திறந்தபோது அந்தத் தட்டு ஒரு நாக்காக மாறிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் என் கை போகுமளவு ஓட்டை. அணைக்க வேண்டும் என்று புத்தி வந்தது. கையில் இருந்தது தேசிக்காய். அதைக் கடித்துப் பிழிந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரவு வேலை முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா, அம்மாவின் கூச்சலில் சாரத்தோடு ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றினார். என் கைகளைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சுட்டதோ?"

"இல்லை."

பிறகு ஓட்டையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வாறா" என்று அந்த ஓட்டைக்குத்தான் சொன்னார்.

அப்பா என் காதைத் தேடினார். சித்தப்பா, "விடுங்கோ அண்ணை, பூசைதானே செய்தவன்" என்றார். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

திங்கட்கிழமை முழுவதும் சித்தப்பா தொலைபேசியில் கடைகடையாகக் கேட்டார். அந்த மாடலின் ட்ரிம் இப்போது செய்வதில்லை, அதை வார்க்கும் அச்சையே கழித்துவிட்டார்களாம். தொழிற்சாலையில் அச்சுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறவருக்கு அதன் அர்த்தம் தெரியும். உடைந்த ட்ரெயிலர்கள் கிடக்கும் ஒரு யார்டில் தேடிப் பார்க்கலாம் என்றார்கள், ஆனால் இரண்டு கிழமை செல்லும்.

அன்று பின்னேரம் ஆணிகளைக் கழற்றி ட்ரிம்மை மெல்ல நெம்பி எடுத்தார். அதற்கடியில் மழைநீர் புகாமலிருக்கப் பூசிய சாம்பல் நிறப் பசை, பழைய களிபோல இழுபட்டு வந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன். களி இல்லை. உருகிய இடத்திலிருந்து நகமளவு துண்டை வெட்டி, ஊறுகாய்ப் போத்தலில், நகப்பூச்சு அழிக்கிற அசிற்றோன் கொஞ்சம் விட்டு அதற்குள் போட்டார். துண்டு இளகிக் கூழானது. சித்தப்பாவின் முகம் முதன்முறையாக வெளித்தது.

"உது எங்கடை பக்டரிச் சாமான்தான். இதே பிளாஸ்டிக் வெள்ளையிலை கொஞ்சம் கிடைச்சால் கரைச்சு ஊத்தி வளர்த்திடலாம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "உன்ரை விளையாட்டுக் கட்டையளும் இந்தப் பிளாஸ்டிக்தான்" என்றார்.

பொருத்தி விளையாடும் அந்தக் கட்டைகளில் என்னிடம் வெள்ளை நாற்பத்தொன்று இருந்தன. அவற்றால் ஒரு விமான நிலையம் கட்டியிருந்தேன். அதை உடைத்துத் தொப்பியில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். தியாகம் என்று நினைக்கவேண்டாம். அந்த ஓட்டையை அவர் பார்த்த பார்வையை நான் இன்னொருமுறை பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

கராஜ் கதவைத் திறந்துவைத்து, என்னைக் காற்று வரும் பக்கத்தில் இருத்தினார். போத்தலுக்குள் என் விமான நிலையம் மூலை மழுங்கி, பனிமனிதன்போல் குறுகி, கடைசியில் பாலாகிப் போனது. ஓட்டைக்குப் பின்னால் ஜன்னல் வலையில் ஒரு துண்டை வெட்டி வைத்து, அந்தப் பாலை மெல்லிய படையாகப் பூசினார். காயவிட்டார். மறுபடி பூசினார். வேலைக்குப் போய் வந்து, தூங்கவேண்டிய நேரத்தில் இன்னொரு படை. ஜூன் மாத வெயிலும் அந்த மணமும் சேர்ந்து பின்னேரங்களை நீளமாக்கின. சித்தப்பா கவிழ்த்த வாளியொன்றில் குந்தி இருந்தபடியே தூங்கிப்போவார்; கை மட்டும் ட்ரிம்மின் விளிம்பைப் பிடித்திருக்கும்.

வியாழக்கிழமை தண்ணீர் தொட்டு உரஞ்சுதாளால் தேய்த்தபோது புதுச் சிக்கல். பழைய ட்ரிம் வெயிலில் மஞ்சள் பூத்திருந்தது; புதுத் துண்டு கட்டுப்பல் மாதிரிப் பளிச்சென்று சிரித்தது.

"மஞ்சள்தூள் பூசுவமா?" என்றேன்.

"இனிக் கறியும் வைச்சு அபிஷேகம் செய்" என்றார் அப்பா.

சித்தப்பா சிரிக்கவில்லை. "உன்ரை விளையாட்டுக் கட்டையளிலை மஞ்சள் இருக்கே?" என்றார். ஒரு மஞ்சள் கட்டையில் பாதியைச் சுரண்டி, மிஞ்சிய வெள்ளைப் பாலில் கலக்கி, கடைசிப் படையைப் பூசினார். வெள்ளி காலை அது காய்ந்தபோது எந்த இடம் பழசு, எந்த இடம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. புதுப் பசை வைத்து ஆணிகளை இறுக்கி முடித்தபோது, விமான நிலையம் போக ஒரு மணித்தியாலம் இருந்தது.

அங்கே சித்தி தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். சித்தப்பா ஒரு முழம் தள்ளி நின்று, "பிளேனிலை சாப்பாடு தந்தவங்களோ?" என்று கேட்டார். ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி. சித்தி தலையாட்டினார். திரும்பி வரும்போது அப்பா ஓட்டிய காரின் பின்னிருக்கையில் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நான் உட்கார்ந்துகொண்டேன். வழிநெடுக கரவனின் பெருமைகளைச் சொன்னேன். இருவரும் என் தலைக்கு மேலால் எதையோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். வெளியே வேடிக்கை பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சித்தியின் கையைப் பிடித்து நேரே பின்மூலைக்கு இழுத்துப்போனேன். சித்தப்பா அனுப்பிய படங்களைச் சித்தி கைப்பையிலிருந்து எடுத்துவைத்திருந்தார். விளிம்புகள் மடங்கித் தேய்ந்திருந்தன. சித்தப்பா சற்றுத் தள்ளி, பெட்டியைக் கீழே வைக்க மறந்து, பரீட்சை எழுதிய பிள்ளைபோல நின்றார். அந்த ஆறு நாளும் எதற்காக உழைத்தோமோ அதை உடனே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

"சித்தி, வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இவ்வளவு காலத்திலை இஞ்சை ஏதாவது மாறிப்போச்சோ?"

சித்தி ட்ரிம்மைப் பார்க்கவேயில்லை. நான் விரல் நீட்டிக் காட்டியும் கண்ணைச் சித்தப்பாவை விட்டு எடுக்கவில்லை. கரவனைப் பற்றிக் கேட்டால் கரவனைப் பற்றித்தானே சொல்லவேண்டும்; பயணக் களைப்பில் கேள்வியே விளங்கவில்லைப்போல என்று எண்ணி, நான் அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தேன்.

"உன்ரை சித்தப்பாதான்" என்றார்.