வெடிக்காணி

முழங்கால் கேட்காமல் போனதால்தான் செல்வநாயகி கண்ணிவெடி அகற்றும் வேலையை விட்டாள். வருடக்கணக்காக முகமாலைப் பக்கத்து வெயிலில் குந்தியிருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, ஊரார் காணிகளைத் துப்புரவாக்கியவள் அவள். ஆமி பிடித்து வைத்திருந்த சொந்தக் காணியை விடுவித்த செய்தி உரும்பிராய்க்கு வந்தபோது அவளுக்கு எழும்பிப் போய்ப் பார்க்கவே மனமில்லை. அண்ணன் தவராசாதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

தென்மராட்சியில், கடல்நீரேரிக் கரையில் இருந்த தகப்பனின் பனங்காணி அது. சண்டைக் காலத்தில் போராளி இயக்கம், தானே செய்த எறிகணைகளை அங்கேதான் சுட்டுப் பார்த்தது. ஊர்ச் சனம் அதை வெடிக்காணி என்றது. சத்தம் கேட்கும்போதெல்லாம் தாய் அவளைக் கட்டிலுக்குக் கீழே இழுத்து அணைத்துக்கொள்வாள். பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்த பிறகு உரும்பிராய்க்குப் போனவர்கள் திரும்பவில்லை.

தவராசா விறுவிறுவென்று உள்ளே இறங்கினார்.

"அண்ணை, நில்லுங்கோ. என்ரை பின்னாலை வாங்கோ."

"எல்லாம் துப்புரவாக்கித்தானே குடுத்தவங்கள்?"

"ஓம். எண்டாலும் வாங்கோ."

தலை அறுந்து, வட்டில்லாத பனைகள் நின்றன. சுட்ட இடத்துச் சீமெந்துத் தளம் புல் மூடிக் கிடந்தது. அதற்கப்பால், அம்மை வந்த முகம்போலப் பொத்தல் விழுந்த, குறிக்கென்று எழுப்பிய தடித்த சுவர். அதைச் சுற்றிப் போனவளின் கண்ணில், மழை அரித்த பள்ளத்தில் துருவேறிய குழாயொன்று பட்டது. பின்பக்கத்தில் எறிகணைக்குரிய செட்டைத் தகடுகள். வேலைத்தளமென்றால் எல்லோரையும் நிறுத்த விசில் ஊதியிருப்பாள். இப்போது அண்ணனின் கையைப் பிடித்து, வந்த தடத்திலேயே வெளியே கூட்டி வந்தாள்.

கிராம அலுவலரான விதானையாருக்குச் சொல்லி, அவர் ஆமிக்கு அறிவித்து, குண்டு எடுப்பவர்கள் வரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. அவள் தெருவோரத்தில் உடுக்கும் சாரமொன்றை விரித்த அளவேயான பூவரச நிழலில் காலை நீட்டியபடி இருந்தாள்.

வந்தவர்களில் மூத்தவர் கொச்சைத் தமிழில் சொன்னார்: "அம்மா, இதில வெடிமருந்து இல்ல. மண்தான். எவ்வளவு தூரம் போகுது எண்டு பார்க்கச் சுட்டது."

தவராசா சிரித்துவிட்டார். செல்வநாயகிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மண்ணுக்குத்தானா அம்மா அப்படி நடுங்கினாள் என்று நினைத்தாள். பிறகு, மண்ணென்று அன்றைக்கு யார் கண்டது என்றும் நினைத்தாள். எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

"காணியிலை பாதி உனக்குத்தானே. அதிலை நீ ஒரு வீட்டைக் கட்டன், பிள்ளை," என்றார் தவராசா.

"நீங்கள் கட்டுங்கோ அண்ணை. எனக்கு உந்த நிலத்தைப் பாத்துப் பாத்து நடக்க இனி ஏலாது."

தவராசா தன் பங்கை வேலியடைத்துக் கிணறு இறைத்தார். அவளுடைய பங்கில் அயலில் இருக்கும் லூர்த்தம்மா ஆடு கட்டுகிறாள். கேட்டுத்தான் கட்டினாள். "கட்டுங்கோ அக்கா, ஆனால் சுவருக்கு அங்காலை விடாதேங்கோ" என்று மட்டும் செல்வநாயகி சொன்னாள்.