கிராணி வைத்துவிட்டுப் போன நீலக் கோப்பு

என் அலமாரியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பு இருக்கிறது. மேலே கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் என் பெயர், எழுதியது கிராணி. வீடு மாறும்போதெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கையில் எடுப்பேன். மனசு வராது.

அப்போது நான் சிங்கப்பூரில், பூன் லேயில் குழாய் பொருத்தும் கம்பெனி ஒன்றில் ஒர்க் பெர்மிட்டில் இருந்தேன். ஆபீஸ் காகிதங்களைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தாவை எல்லோரும் கிராணி என்றே கூப்பிடுவோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர்க்காரர். விடியும் முன்பே பாலம் தாண்டி வந்து, இருட்டிய பின் திரும்பிப் போவார். அவரும் பாஸில், அதாவது வேலை அனுமதியில், வேலை பார்த்தவர்தான்; வேலை போனால் பாஸும் போகும். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக, அதாவது பி.ஆர். ஆக, இரண்டு முறை மனுப் போட்டு இரண்டும் திரும்பி வந்திருந்தன. மூன்றாவது மனு அப்போது பரிசீலனையில் இருந்தது. அதனாலோ என்னவோ, எந்த ஆளுக்கு எதை விண்ணப்பித்தாலும் முடிவு வந்து, முதலாளி கையெழுத்தும் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். "ஆசை காட்டி ஏமாத்தக் கூடாதுலா" என்பார்.

எனக்கோ பிறவியிலேயே சந்தேக புத்தி. போதாக்குறைக்கு, முதன்முதலில் என்னை அனுப்புவதாகச் சொன்ன ஊர் ஏஜெண்ட் பாஸ்போர்ட்டோடு கம்பி நீட்டியிருந்தான். அப்படிப்பட்ட என்னிடம் கிராணி ஒரு திங்கட்கிழமை வந்து, பாஸ்போர்ட்டும் டிப்ளமோ சான்றிதழும் கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை; கொடுத்துவிட்டேன். "நாளைக்குத் தர்றேன் தம்பி" என்றார். நாளை வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. ஆபீஸ் ஸ்கேனர் கெட்டுவிட்டது என்றார். மறுநாளும் அதையே சொன்னார். யார்தான் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை எதற்கோ ஆபீசுக்குள் போனேன். அவர் கணினித் திரையில் என் பெயர், என் பெர்மிட் எண். கீழே என் பெர்மிட்டை ரத்து செய்வது பற்றி ஏதோ ஒரு வரி. என்னைப் பார்த்ததும் சட்டென்று திரையை மூடினார். என்னைக் கழற்றிவிட்டு வேறு யாரையோ உள்ளே கொண்டுவரப் போகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, என் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மனிதவள அமைச்சுக்குப் போன் போட்டேன்.

அடுத்த வாரம் அதிகாரிகள் இருவர் வந்தார்கள். வெளிநாடு போயிருந்த முதலாளி அன்றுதான் திரும்பியிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் கிராணிதான்" என்று கையை விரித்தார். கிராணியின் மேசை டிராயரில் பாஸ்போர்ட் இருந்தது. அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போகும்போது இந்தக் கோப்பை என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கோப்பைத் திறந்தேன். எனக்கு எஸ் பாஸ், அதாவது ஒர்க் பெர்மிட்டைவிட ஒரு படி மேலான வேலை அனுமதி, கொடுக்க ஒப்புதல் கிடைத்த கடிதம். தேதி அந்த வெள்ளிக்கிழமை. புதிய பாஸ் கைக்கு வரும்போது பழைய பெர்மிட்டை ரத்து செய்வார்கள். நான் திரையில் பார்த்த வரி அதுதான். ஒர்க் பெர்மிட்காரன் எத்தனை வருஷம் உழைத்தாலும் பி.ஆர். கேட்க முடியாது, எஸ் பாஸ் இருந்தால் கேட்கலாம். முதலாளியின் கையெழுத்துக்காகத்தான் மனுஷன் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். கடிதத்துக்குப் பின்னால் அவர் கைப்பட எழுதிய ஒரு பட்டியல்: பின்னாளில் நான் பி.ஆர். கேட்கும்போது என்னென்ன காகிதம் வைக்க வேண்டும் என்று.

பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தது தப்புதான். இன்றைக்கும் வாதாடினால் நான்தான் ஜெயிப்பேன். ஆனால் வேலை போனதும் அவருடைய பாஸ் போயிற்று; மூன்றாவது மனுவும் அதோடு சரி. எஸ் பாஸ் கைக்கு வந்து சில வருஷம் கழித்து, அந்தப் பட்டியலைப் பார்த்து அடுக்கிய என் பி.ஆர். மனுவுக்கோ அனுமதி கிடைத்தது. ஜொகூரில் இரண்டு முறை விசாரித்துப் பார்த்தேன். ஆள் அகப்படவில்லை.

இப்போது ஜாலான் புசாரில் ஒரு கம்பெனியில் நான்தான் கிராணி. போன வாரம், பத்து வருஷமாக வெல்டராக இருக்கும் ஒருவரிடம் பாஸ்போர்ட் கேட்டேன். பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே ஒரிஜினல்? காப்பி போதாதா?"

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அவருக்காகப் போடும் எஸ் பாஸ் மனு இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினேன். ரத்து என்று வருகிற வரியை முதலில் காட்டினேன். பாஸ்போர்ட்டை அவர் கண்ணெதிரே நகல் எடுத்து, அப்போதே திருப்பிக் கொடுத்தேன். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கிளம்பியவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, இன்னொரு தடவை கேக்கலாமா?"

"கேளுங்க," என்றேன். "என்கிட்டயே கேளுங்க."