முதுகில் ஒரு முடிச்சு

திருகோணமலைத் துறைமுகத்தில்தான் அந்தப் படகோட்டியைச் சந்தித்தேன். திமிங்கிலம் பார்க்க வந்த வெளிநாட்டு முதியவர்கள் நால்வருக்கு மொழிபெயர்க்க நான் கூடப் போயிருந்தேன். வெயிலில் வெடித்த உதடு அவருக்கு. வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நகமில்லை.

"எழுபதுக்கு மேல ஆர் ஆர் எண்டு கேளுங்கோ" என்றார். நால்வரும் கையைத் தூக்கிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரின் லைஃப் ஜக்கெட்டுக்கும் கொக்கி மாட்டியபின், அதன்மேல் நைலோன் கயிற்றைச் சுற்றி முதுகில் இறுக்கி முடிந்தார். போட்டிருப்பவர் தானாக அவிழ்க்க முடியாத முடிச்சு.

"பாதுகாப்புக்கோ?" என்றேன்.

"போன வருசம் ஒரு ஐயா வேர்க்குதெண்டு ஜக்கெட்டைக் கழட்டிப்போட்டு இருந்தவர். அலை ஆளைத் தூக்கி எறிஞ்சுபோட்டுது. இன்சூரன்ஸ்காரர் போன் எடுத்து, ஜக்கெட் போட்டிருந்தவரோ எண்டு என்னட்டைக் கேட்டவங்கள். இல்லையெண்டு உள்ளதைச் சொன்னனான். காசு தர ஏலாது எண்டுட்டாங்கள். பிரேதத்தைக் கொண்டுபோக வழியில்லாமல் அவற்ற மனிசி இஞ்சதான் தாட்டுப்போட்டுப் போனவ."

"அப்ப இந்த முடிச்சு?"

"உயிருக்கில்லை. கடல் எடுக்கிறதெண்டா எடுக்கும். ஆள் ஊர் போய்ச் சேரவேணும்."

"எனக்கும் கட்டிவிடுங்கோ" என்று முதுகைக் காட்டினேன்.

"இன்சூரன்ஸ் இருக்கோ?"

"இல்லை."

மீதிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். "உங்கட வீடு கிட்டத்தானே."

அதைக் கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று கரை திரும்பும்வரை என் கொக்கியிலிருந்து நான் கையை எடுக்கவேயில்லை.