அரகன்ட்டா... ப்ரௌடா?

போன வாரம் எங்கள் ஜாசின் வீட்டில் சட்டிபானைகள் கொஞ்சம் சத்தமாகவே பேசின. காரணம் – ஒரு வாட்ஸ்அப்.

தங்கா பத்துவில் இருக்கும் என் மச்சினிச்சி கமலா, மகளின் கல்யாணப் பத்திரிகையை அதில்தான் அனுப்பியிருந்தாள். அதுவும் சொந்த அக்காவுக்கு. வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைக்காத கல்யாணம் எங்கள் பக்கம் ஏது?

"அவ அரகன்ட்ங்க. நான் போக மாட்டேன்லா," என்றாள் என் மனைவி சரோஜா.

கமலா வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தவள் இவள். பெரியம்மா இல்லாமல் அந்தப் பிள்ளை மணவறையில் எப்படி உட்காரும்?

நான் இங்கிலீஷ் வாத்தியார். ரிட்டையர் ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அடுத்தவங்கள மட்டமா நெனச்சாத்தான் அரகன்ட். தன்னையே பெருசா நெனச்சுக்கிட்டா கன்சீட்டட். எட்ட நின்னு ஏளனமா பார்த்தா ஹாட்டி..."

"டிக்‌ஷனரி முழுசும் ஒப்பிச்சாச்சா? தோசை ஆறுது."

கமலாவுக்குப் போன் அடித்தேன்.

"வெளியாளுக்குத்தான் மாமா தட்டு. அக்கா வீடு என் வீடு இல்லையா? அதுக்குப்போயி அழைப்பு வெக்கணுமா? ஒரு போன்கூட பண்ணல பாருங்க. அக்கா ரொம்ப ப்ரௌட் மாமா." குரல் உடைந்துவிட்டது.

ஆக... தங்கச்சி உரிமையில் தட்டை விட்டாள். அக்கா அதே உரிமையில் தட்டை எதிர்பார்த்தாள். இதில் யார் யாரை மட்டமாக நினைத்தார்கள்? ப்ரௌட் என்றால்கூட ஒப்புக்கொள்ளலாம். பிள்ளையை நினைத்துப் பூரிப்பதற்கும் அந்த வார்த்தைதான், ரோஷத்துக்கும் அதேதான்.

கமலா சொன்னதை அப்படியே சரோஜாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பசாருக்குப் போய் வெற்றிலை வாங்கி வரச் சொன்னாள். தட்டில் பாக்கு, பழம், பூ, குங்குமம் எல்லாம் ஏறின. சேலை மாற்றிக்கொண்டு வந்து, "காரை எடுங்க," என்றாள்.

தங்கா பத்துவில் கதவைத் திறந்த கமலாவிடம் தட்டை நீட்டினாள்.

"ஞாயித்துக்கெழம எம் மகளுக்குக் கல்யாணம். நீயும் அவசியம் வந்துடு."

கமலா தட்டை வாங்கிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். "திமிரப் பாருங்க மாமா."

பெற்றவளையே கல்யாணத்துக்கு அழைக்கிற இந்தத் திமிருக்கு டிக்‌ஷனரியில் வார்த்தை தேடினேன்... கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் அதற்குப் பெயர் – பெரியம்மா.